அவிழ்ப்பதற்கு முன் ஒரு சுற்று

மேல்வீட்டுக்காரர் ஒரு நாளைக்கு எட்டு தடவை போன் பண்ணுவார். ஆறு தடவை அவர் மனைவிக்கு, மிச்சம் இரண்டு எனக்கு. நான் கீழ்வீட்டில் தையல் மெஷினோடு கிடப்பவள். ஒரு முழங்கால் மக்கர் பண்ணுவதால் எப்போது கூப்பிட்டாலும் வீட்டில்தான் இருப்பேன். "அக்கா, பாப்பா ஸ்கூலுக்குப் போயிட்டாளா?" என்பார். போயிட்டா என்பேன். "நீங்கதானே கொண்டுபோய் விட்டீங்க?" என்பார். "பின்னே வேற யாரு?" என்பேன். நான் சொன்னது பச்சைப் பொய். ஐந்து நாள் சொன்னேன். வாய் கூசியது, ஆனாலும் சொன்னேன்.

அவர் லாரிக்குப் புதுசு. ஆறு வாரம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் ஒன்பது வருஷம் ஸ்கூல் வேன் ஓட்டினார். காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. நடுவில் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, மாடிப்படியில் உட்கார்ந்து என்னோடு வம்பு பேசிக்கொண்டிருப்பார். தெருவில் எந்தப் பிள்ளைக்குப் பல் விழுந்தது, எந்தப் பிள்ளை எவனைக் கடித்தது என்பதெல்லாம் அவர் மூலமாகத்தான் எனக்குத் தெரியும். வாயாடி மனுஷன். அவர் மனைவி, "வேனை ஓட்டறீங்களா, வாயை ஓட்டறீங்களா?" என்று கேட்பாள்.

ஒரு நாள் காலையில் பிள்ளைகளை ஸ்கூலில் இறக்கிவிட்டு, வேனை மைதானத்து ஓரம் வெயிலில் நிறுத்திப் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போனார். கடைசி சீட்டில் நாலு வயசுப் பெண் குழந்தை ஒன்று பையைக் கட்டிப்பிடித்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அவர் பார்க்கவில்லை. டீக்கடையில் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தபோது போன் இல்லை. அதை எடுக்கத் திரும்பி வந்தவர், கண்ணாடியில் ஒரு சின்னக் கை தட்டுவதைப் பார்த்தார். குழந்தை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. வேறு ஒன்றும் ஆகவில்லை. மறுநாளே அது அவரைப் பார்த்துச் சிரித்தது. அதன் அப்பா வந்து ரெண்டு வார்த்தை சத்தம் போட்டார், ஸ்கூலில் எச்சரித்து விட்டுவிட்டார்கள். இவர்தான் விடவில்லை. "போனை மறக்காம எடுத்துட்டுப் போயிருந்தேன்னா அக்கா?" என்று என்னிடம் எத்தனை தடவை கேட்டிருப்பார்!

அந்த வாரமே வேன் சாவியைக் கொடுத்துவிட்டார். தன் சொந்த மகளைக்கூட அதன் பிறகு பைக்கில் ஏற்றவில்லை. பாப்பாவுக்குப் பத்து வயசு. "அப்பா, ஒரு ரவுண்டு" என்று கேட்டால் பெட்ரோல் இல்லை என்பார். பெட்ரோல் இருக்கும்.

அப்புறம்தான் இந்த லாரி. பக்கப்பலகை கிடையாது, கூரை கிடையாது. முன்னால் டிரைவர் உட்காரும் கூண்டு, பின்னால் நீளமாக ஒரு வெறும் தளம். இரும்புத்தகடு, மரம், குழாய், எது வந்தாலும் தளத்தின் மேல் வைத்து, அகலமான பெல்ட்டுகளைப் போட்டு, பக்கத்தில் இருக்கும் கைப்பிடியால் இறுக்குவார்கள். நாலாபுறமும் திறந்தது. "ஏங்க இந்த வண்டி?" என்று மனைவி கேட்டதற்கு, "பின்னாடி என்ன இருக்குன்னு கண்ணாடியிலயே தெரியும்" என்றாராம்.

லாரிகள் நிற்கும் யார்டில் மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். பெல்ட் எங்கே போடுவது, எவ்வளவு இறுக்குவது, குழாய் உருளாமல் கீழே எப்படி ஆப்பு வைப்பது. கிளம்பி முப்பது கிலோமீட்டரில் ஒரு தடவை நிறுத்திப் பார், சரக்கு அமுங்கி பெல்ட் தொளதொளத்திருக்கும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். கடைசியாகச் சூப்பர்வைசர் சொன்னது இது: "இறக்கற இடத்துல பெல்ட்டை அவிழ்க்கறதுக்கு முன்னாடி வண்டியை ஒரு சுத்து சுத்தி வா." இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

முப்பது கிலோமீட்டருக்கு ஒரு தடவை என்று சொன்னால் இவர் பத்துக்கு ஒரு தடவை நிறுத்துவார். இறங்குவார், ஒவ்வொரு பெல்ட்டையும் பிடித்து இழுப்பார், ஏறுவார், கதவைச் சாத்துவார், மறுபடி இறங்குவார். யார்டில் அவருக்கு 'இன்னொருவாட்டி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "என்னப்பா இன்னொருவாட்டி, வீட்டுக்குப் போனாலும் சம்சாரத்தை இழுத்துப் பார்ப்பியா?" என்று ஒருத்தன் கேட்க, யார்டே சிரித்ததாம். இவரும் சிரித்துவைத்தாராம்.

அவருடைய ஒரு நாளை எனக்கு மனப்பாடமாகத் தெரியும். போனில் அத்தனையும் ஒப்பிப்பார். விடிந்ததும் கூண்டுக்குள் இருக்கும் பலகைப் படுக்கையிலிருந்து எழுந்து, பாட்டில் தண்ணீரில் பல் தேய்த்து, ஒரு கம்பியால் டயர்களைத் தட்டிப் பார்ப்பார். ரொட்டியும் அவித்த முட்டையும் வாங்கி ஏறுபடியில் உட்கார்ந்து தின்பார். மழை வந்தால் தார்ப்பாயை இழுத்து மூட வேண்டும். ஒற்றை ஆளாக ஒரு முனையைக் கட்டிவிட்டு அடுத்த முனைக்குப் போவதற்குள் காற்று முதல் முனையைப் பிடுங்கிவிடும். பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. சரக்கு ஏற்றும் இடத்தில் "வலது, வலது, நிறுத்து" என்பார்கள். இறக்கும் இடத்தில் "கையெழுத்துப் போடு" என்பார்கள். போனை விட்டால், ஒரு நாளைக்கு அவர் காதில் விழும் பேச்சு அவ்வளவுதான்.

"ஓடறப்ப காத்துல பெல்ட்டு ங்ஙொய்ங்னு பாடும் அக்கா. ஒரு முறுக்கு வெச்சுக் கட்டினா சத்தம் நின்னுரும், எல்லாரும் அப்படித்தான் கட்டறாங்க. நான் முறுக்கு வைக்கலை" என்று ஒரு நாள் சொன்னார்.

"ஏன்?"

"இருந்துட்டுப் போகட்டுமே. பேச்சுத்துணைக்கு."

எனக்குக் கேட்கவே பொறுக்கவில்லை. ஊர் வம்பெல்லாம் பேசின வாய். "வெச்சுடறேன்பா, அடுப்புல பால் இருக்கு" என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை.

இந்தச் சமயத்தில்தான் அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரி சலவைப்பிரிவில் வேலை கிடைத்தது. நாலு வருஷமாக மனுப்போட்டுக் காத்திருந்த வேலை. காலை ஆறு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும், அஞ்சரைக்கே கிளம்பியாக வேண்டும். பாப்பாவுக்கு ஸ்கூல் எட்டரைக்கு. அதுதான் சிக்கல். அவள் போனில் புருஷனிடம் கெஞ்சினாள். "ஊருக்குள்ளயே ஓடற வண்டி எதாவது இருக்கான்னு சூப்பர்வைசரைக் கேளுங்க. காலையில நீங்க அவளைக் கூட்டிட்டுப் போய் விட்டுட்டா நான் வேலைக்குப் போயிடுவேன். இந்த வேலையை விட்டா இனிமே கிடைக்காதுங்க."

"கேட்டுட்டேம்மா. இல்லைங்கறாங்க" என்றார் அவர்.

இருந்தது. அதுதான் விஷயம். சூப்பர்வைசர் தானாகவே கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்: "யார்டிலேர்ந்து ஊருக்குள்ள கட்டடம் கட்டற இடங்களுக்கு இரும்புத்தகடு லோடு அடிக்கணும். ஒம்போதுக்கு வந்தாப் போதும், அஞ்சு மணிக்கு வீடு. நீ குடும்பஸ்தன், உனக்குத் தர்றேன். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னெண்டுக்குள்ள சரின்னு சொல்லிடு." வேறு எவனாக இருந்தாலும் அங்கேயே காலில் விழுந்திருப்பான். இவர், "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். காலையில் வீட்டில் இருந்தால் பிள்ளையை அவர்தான் கொண்டுபோய் விட வேண்டும். அந்தப் பொறுப்பு என்றாலே அவருக்குப் பயம். அதனால் மூடி மறைத்துவிட்டார்.

இங்கே இவள் என்ன செய்தாள்? வேலையை விடவில்லை. அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் பாப்பாவை டவுன் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் வழி காட்டினாள். திங்கட்கிழமை காலையில் அஞ்சரைக்குக் கிளம்பும்போது என் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அக்கா, ஏழே முக்காலுக்கு அவ தானா கிளம்பிப் போயிடுவா. அவர் கேட்டா நீங்க கூட்டிட்டுப் போனதா சொல்லிடுங்க. தனியா போறான்னு தெரிஞ்சா அவர் வண்டியை நடு ரோட்டுல விட்டுட்டு ஓடி வந்துருவாரு."

"என் கால் லட்சணம் அவருக்குத் தெரியாதா?"

"கால் இப்ப தேவலைன்னு சொல்லிட்டேன்."

கில்லாடி. நான் சரி என்றேன். நம்மால் முடியாததை அந்தச் சின்னது செய்கிறது, ஒரு பொய்யாவது சொல்லித் தொலைப்போம் என்று நினைத்தேன். அந்த வாரம் தினமும் காலையில் மெஷின் முன்னால் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். பாப்பா பையை மாட்டிக்கொண்டு, பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போவாள். என் பக்கம் திரும்பமாட்டாள்.

வியாழக்கிழமை அவருக்குக் குழாய் லோடு. ஒரு ஆள் உள்ளே தவழ்ந்து போகலாம், அவ்வளவு அகலமான இரும்புக் குழாய்கள். கீழ்வரிசையில் ஐந்து, அதன் மேல் நாலு. இரண்டு பக்கமும் மர ஆப்பு, குறுக்கே மூன்று பெல்ட். இரண்டு நாள் ஓட்டம். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஒரு வெட்டவெளியில் நிறுத்தி பெல்ட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சூப்பர்வைசர். எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார். அது தானாக அடங்கியது.

"அப்பாடான்னு இருந்துச்சு அக்கா" என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். "பெத்த பொண்ணுகிட்டேர்ந்து தப்பிச்சதுக்கு ஒருத்தன் சந்தோஷப்படுவானா? நான் பட்டேன். த்தூ."

மூன்று மணிக்கு இறக்கும் இடம் வந்தது. பிரதான சாலையை விட்டு நாலு கிலோமீட்டர் மண்பாதை, முந்தின நாள் மழையில் குண்டும் குழியுமாகக் கிடந்தது. லாரி ஆடிக்கொண்டே போய்ச் சேர்ந்தது. அங்கே சரக்கைத் தூக்கி இறக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டுவது ஒரு பொம்பளை. தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, வாயில் எதையோ மென்றுகொண்டு, "நிறுத்து, நிறுத்து, அங்கேயே நிறுத்து" என்று கையைக் காட்டினாள். இவர் இறங்கினார். வந்து சேர்ந்தாயிற்று. இரண்டு நாள் முதுகில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கின மாதிரி இருந்திருக்கிறது. நேராக வலது பக்கம் போய் முதல் பெல்ட்டின் கைப்பிடியைத் தட்டி அவிழ்த்தார். இரண்டாவதையும் அவிழ்த்தார்.

இடது பக்கம் அவர் போகவே இல்லை. அங்கே ஒரு ஆப்பு மண்பாதைக் குலுக்கலில் நழுவி விழுந்திருந்தது. மேல்வரிசைக் குழாய் ஒன்று வெளிப்பக்கம் தள்ளி வந்து பெல்ட்டின் மேல் சாய்ந்து நின்றது. பெல்ட்தான் அதைத் தாங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்து நிழலில் ஒரு வேலையாள் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். ஃபோர்க்லிஃப்ட்காரி அவனைப் பார்த்து ஹாரன் அடித்து, "எந்திரிச்சு வந்து இந்தப் பலகையை எடுடா, சக்கரம் ஏறப்போகுது" என்று கத்தினாள். அவன் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனான். இவர் மூன்றாவது பெல்ட்டைத் தட்டினார்.

குழாய் விழுந்த சத்தத்தில் அங்கிருந்த நாய்கள்கூட ஓடிவிட்டன. தரை அதிர்ந்தது. இவருக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. லாரியைச் சுற்றிக்கொண்டு ஓடினார். குழாய் கிடந்தது, அதற்கு அடியிலிருந்து ஏதோ ஈரம் ஓடியது. ரத்தம் என்றே நினைத்துவிட்டார். தண்ணீர்தான். அந்த வேலையாளின் பாட்டில்.

"ஐயோ, என் பாட்டிலு!" என்று கத்திக்கொண்டே வந்தான் அவன். வந்து பார்த்துவிட்டு, தான் உட்கார்ந்திருந்த இடத்தையும் பார்த்தான். அதற்கப்புறம் பாட்டிலைப் பற்றிப் பேசவில்லை.

ஃபோர்க்லிஃப்ட்காரி வண்டியை அணைத்துவிட்டு இறங்கி வந்தாள்.

"யோவ், அவிழ்க்கறதுக்கு முன்னாடி இந்தப் பக்கம் வந்து பார்த்தியா?"

"வழி பூரா பார்த்தேம்மா. பத்து கிலோமீட்டருக்கு ஒரு தடவை இறங்கி..."

"வழியில பார்த்ததை யாரு கேட்டா? இங்க வந்து பார்த்தியா?"

இவர் ஆப்பு இருந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தார்.

"சரக்கு ஓடும்போதா ஆளைக் கொல்லுது? நின்னப்புறம்தான்யா கொல்லும்" என்றாள். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்திருக்கிறாள். "சரி உக்காரு. உக்காருய்யா மொதல்ல. டேய், இவருக்குத் தண்ணி குடுடா. உன் பாட்டில்தான் போச்சே, என்னோடதுலேர்ந்து குடு."

மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு வேனில் பிள்ளைகள் ஏறும்போது ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணியிருந்தார். இறங்கும்போது எண்ணவில்லை. வந்து சேர்ந்துவிட்டோம் என்றதும் விட்டுவிட்டார். இப்போதும் அதேதான். ஆறு வாரம் ரோட்டில் பைத்தியக்காரனைப் போல இழுத்து இழுத்துப் பார்த்தது எல்லாம் வீண். குழந்தைகள் இல்லாத வண்டிக்கு ஓடிவந்தும் தப்பு கூடவே ஏறி வந்திருக்கிறது. வண்டியில் குறை இல்லை, தன்னிடம்தான். குறை தன்னிடம் இருக்கிறதென்றால் வீட்டை விட்டு எவ்வளவு தூரம் போய் என்ன பிரயோஜனம்?

குழாய்களை இறக்கி முடித்ததும் சூப்பர்வைசருக்குப் போன் பண்ணினார். நடந்ததைச் சொன்னார். திட்டு வாங்கினார். அது ஓய்ந்ததும், "சார், அந்த ஊர்வண்டி... நான் பண்றேன் சார்" என்றார்.

"பன்னெண்டு மணிக்கு ரெண்டு தடவை கூப்பிட்டேனேப்பா. எடுக்கலை நீ. வேற ஆளுக்குக் குடுத்தாச்சு."

"இனிமே எப்போ சார் வரும்?"

"நான் என்ன ஜோசியமா பார்க்கிறேன்? மூணு மாசம், ஆறு மாசம். நாளைக்குக் காலையில அங்கேர்ந்து மரம் ஏத்திட்டு வடக்கே போயிடு."

அப்புறம்தான் வீட்டுக்குக் கூப்பிட்டார். சாயங்காலம் அஞ்சரை இருக்கும். அவர் மனைவி என் வீட்டில் தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். பாப்பா என் கட்டிலில் குப்புறப் படுத்து எழுதிக்கொண்டிருந்தாள். பீன்ஸ் நறுக்கிய கை ஈரமாக இருந்ததால் அவர் மனைவி போனை ஸ்பீக்கரில் போட்டு ஸ்டூல் மேல் வைத்தாள். அதனால்தான் எல்லாம் என் காதிலும் விழுந்தது. நானாக ஒட்டுக்கேட்கவில்லை.

அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. குழாயைச் சொன்னார், பாட்டிலைச் சொன்னார், சூப்பர்வைசர் ஊர்வண்டி தருவதாகச் சொன்னதையும் தான் மறைத்ததையும் இப்போது அது கைவிட்டுப் போனதையும் சொன்னார்.

இவள் நறுக்குவதை நிறுத்தவில்லை. "இருந்துச்சா?" என்றாள். "இருந்தும் இல்லைன்னீங்களா?"

"ஆமாம்மா."

"நான் உங்க கால்ல விழாத குறையாக் கேட்டேனே."

"பயம்மா. அவளை நான் கூட்டிட்டுப் போறதுன்னா பயம்."

"எனக்கு மட்டும் பயமில்லையா? விடிகாலையில தூங்கற பிள்ளையைத் தனியா விட்டுட்டுப் போறேன், துணி துவைக்கற மெஷின் முன்னாடி நின்னுக்கிட்டு ஏழே முக்கால் எப்போ ஆகும்னு மணியைப் பார்க்கறேன்..." சட்டென்று நிறுத்தினாள். வாய் தவறி வந்துவிட்டது.

"ஏழே முக்காலுக்கு என்ன? அக்கா கூட்டிட்டுப் போறாங்கல்ல?" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஊசியைப் பார்த்தேன்.

"அக்கா?" என்றார் அவர்.

"இல்லைப்பா" என்றேன். "நான் போகலை. என் கால் எங்கப்பா தேவலை? அவ தனியாத்தான் போறா. திங்கக்கிழமையிலேர்ந்து. நான் உன்கிட்ட பொய் சொன்னேன்."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் பரவாயில்லை. "சரி அக்கா" என்றார். அந்தச் 'சரி'யை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. மனைவி புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி பீன்ஸை எடுத்தாள்.

"பாப்பா இருக்காளா?" என்று கேட்டார்.

பாப்பா கட்டிலிலிருந்து இறங்கி வந்து ஸ்டூல் பக்கத்தில் உட்கார்ந்தாள். "என்னப்பா?"

"தனியாவா போறே?"

"ஆமா."

"எப்படிப் போறே? அப்பாவுக்குச் சொல்லு. நான் உன்கூட வர்றேன்னு வெச்சுக்கோ."

"சரி. கதவைப் பூட்டியாச்சு. படி இறங்கறோம். தண்ணித்தொட்டிகிட்ட ஒரு நாய் படுத்திருக்கும், அது ஒண்ணும் பண்ணாது."

"ரோட்டுல ரெண்டு பக்கமும் பார்த்தியா?"

"இருப்பா! இன்னும் ரோட்டுக்கே வரலை. மருந்துக்கடைகிட்ட சிக்னல். பச்சை மனுஷன் வந்தப்புறம்தான் போகணும். இப்ப வந்தாச்சு, வா. பஸ் ஸ்டாப். ஒரு கண்ணாடி போட்ட ஆன்ட்டி நிப்பாங்க, அவங்க பக்கத்துல நின்னுக்கணும். அவங்களுக்கு என்னைத் தெரியாது, ஆனா நான் பக்கத்துலதான் நிப்பேன். பஸ் வந்துச்சு. கூட்டமா இருந்தா கம்பியைப் பிடிச்சுக்கணும். நாலாவது ஸ்டாப்."

"பயமா இல்லையா உனக்கு?"

"மொத நாளும் ரெண்டாவது நாளும் பஸ்ஸுல அழுதேன்" என்றாள் பாப்பா, வீட்டுப்பாடம் ஒப்பிக்கிற அதே குரலில். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த கத்தி நின்றது. இது அம்மாவுக்கும் தெரியாது. "அப்புறம் அழல."

"ஏன்?"

"யாரும் வரமாட்டாங்கன்னு தெரிஞ்சுருச்சு."

போனில் காற்று இரைந்தது. நான் மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அவர்தான், "நாலாவது ஸ்டாப் வந்துருச்சா?" என்று கேட்டார்.

"வந்துருச்சு. இறங்கு. இறங்கினதும் வலது பக்கம், சுவரை ஒட்டியே போகணும். அவ்வளவுதான், ஸ்கூல் கேட்டு." பாப்பா நிறுத்தி யோசித்தாள். "இதுக்கு மேல பெரியவங்களை விடமாட்டாங்கப்பா. நான் உள்ள போறேன். நீ போ."

"நீ போம்மா" என்றார் அவர். "நான் இங்கேயே நிக்கறேன்."

பாப்பா எழுந்து கட்டிலுக்குப் போய் நோட்டைப் பிரித்து, விட்ட இடத்திலிருந்து எழுத ஆரம்பித்தாள். போன் ஸ்டூல் மேலேயே இருந்தது. அவரும் வைக்கவில்லை, அவர் மனைவியும் வைக்கவில்லை.